ஐந்தாவது விதிவிலக்கு

தமிழில் மெக்காலேயைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக எல்லோருமே 1835ஆம் வருஷத்துக் கல்விக் குறிப்போடு நின்றுவிடுகிறார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் அந்தக் குறிப்பைப் படித்தவர்கள் இல்லை. அதிலிருந்து யாரோ பிய்த்துக் கொடுத்த இரண்டு வாக்கியங்களைப் படித்தவர்கள். அந்த இரண்டில் ஒன்று அவர் எழுதாததாகவும் இருக்கும். நம்மைக் குமாஸ்தாக்களாக்கியவர் என்று திட்டி முடித்துவிட்டால் விஷயம் தீர்ந்தது. குமாஸ்தாவாகவே சம்பளம் வாங்குகிற எனக்கு இந்தத் திட்டில் தனியாக ஒரு சுவாரஸ்யம் உண்டு. ஆனால் நான் இங்கே எழுத எடுத்துக்கொண்டது, அதே கை இரண்டு வருஷம் கழித்து எழுதியதும், நம் எழுத்தாளர்கள் எவரும் திரும்பிப் பார்த்திராததுமான வேறொரு குறிப்பை.

1834 ஜூனில் மெக்காலே சென்னையில் வந்து இறங்கினார். கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் அப்போது ஊட்டியில் இருந்ததால், பல்லக்கில் மலையேறிப் போய் அவரைப் பார்த்தார். தண்டனைச் சட்டத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதினார் என்று ஊட்டியில் சொல்லிக்கொள்வதுண்டு. உண்மையில் வேலை நடந்தது கல்கத்தாவில். சட்டக் கமிஷனில் கூட இருந்தவர்கள் மாறி மாறி நோயில் விழ, பெரும்பகுதி அவர் தலையிலேயே விழுந்தது. 1837இல் வரைவு முடிந்தது. அதன் பின்னால், ஏன் இப்படி எழுதினோம் என்பதை விளக்கும் குறிப்புகளை ஆங்கில எழுத்து வரிசையில் சேர்த்தார்கள். மனித உடலுக்கு எதிரான குற்றங்கள் பற்றியது 'எம்' என்று அடையாளமிட்ட குறிப்பு. பி.ஏ. வகுப்பில் நமக்கு மெக்காலேயின் உரைநடைக்கு மாதிரியாக ஏதேதோ கட்டுரைகளைக் கற்பிக்கிறார்கள். அவருடைய சிறந்த உரைநடை இந்தக் குறிப்புகளில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. மேடைப் பேச்சின் ஓசை இதில் குறைவு. வாதம் மட்டும் அடிமேல் அடி வைத்து நகர்கிறது.

சாகிறவனே சம்மதித்து, அல்லது கேட்டுக்கொண்டு, இன்னொருவன் அவனைக் கொன்றால் அதை என்ன செய்வது? குறிப்பு இதற்கு நான்கு மனிதர்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. படுகாயப்பட்ட தோழன் கெஞ்சியதன் பேரில் அவன் வேதனையை முடித்து வைக்கிற சிப்பாய். தீராத நோயில் நாள்கணக்கில் துடிக்கிறவனுக்கு அபின் கரைசலைக் கொண்டு போய்க் கொடுக்கிற நண்பன். எஜமானன் பாய்ந்து விழுவதற்காக வாளை நீட்டிப் பிடித்த பண்டைய ரோமின் விடுதலை பெற்ற அடிமை. கொள்ளைக் கூட்டத்தின் கையில் சிக்காமலிருக்கத் தங்களைக் கொன்றுவிடும்படி வீட்டுப் பெண்களே கேட்டுக்கொள்ள, அவர்களைக் குத்துகிற உயர்குலத்து இந்தியன். கிறிஸ்தவ சமூகங்களுக்கு வெளியே இவர்களைக் குற்றவாளிகள் என்றே யாரும் நினைக்கமாட்டார்கள், கிறிஸ்தவ சமூகத்திலும்கூட மக்கள் இவர்களைக் கொலைகாரர்களாகப் பார்ப்பதில்லை, சட்டமும் அப்படிப் பார்க்கலாகாது என்பது மெக்காலேயின் கட்சி. நான்காமவனைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. அந்தப் பெண்கள் கேட்டுக்கொண்டார்கள் என்பதற்கு உயிரோடிருக்கிற சாட்சி அவன் ஒருவன்தான். இந்தச் சந்தேகம் பின்னால் தேவைப்படும்.

இதற்கு அவர் தரும் காரணங்கள் இரண்டு. முதலாவது, எல்லோருக்கும் தோன்றக்கூடியது: இவர்களுடைய உள்நோக்கம் சாதாரணக் கொலைகாரனுடையதைவிட மேலானது, சில சமயம் பரிவிலிருந்தே பிறப்பது. இரண்டாவது காரணத்தில்தான் அவருடைய மூளை வேலை செய்கிறது. கொலையை இவ்வளவு கடுமையாகத் தண்டிப்பதன் நோக்கம் மனிதர்கள் கொல்லப்படாமல் இருக்க வேண்டும் என்பது மட்டுமா? மனிதர்கள் கொல்லப்படுவோமோ என்ற பயத்தில் வாழாமல் இருக்க வேண்டும் என்பதும் நோக்கம். ஒருவேளை அதுவே பெரிய நோக்கம் என்கிறார். கொலைக்குத் தண்டனையே இல்லாமல் போனாலும் கொலையுண்டு சாகிறவர்கள் ஜனத்தொகையில் சிறு பங்காகத்தான் இருப்பார்கள். ஆனால் எல்லோருடைய வாழ்க்கையும் கலவரத்தில் கழியும். சம்மதத்தின் பேரில் நடக்கிற கொலைக்கு இந்தக் குணம் இல்லை. சம்மதிக்காதவனுக்கு இது நடக்காது. தான் சம்மதிக்கிறவரை இது தன்மேல் நடக்க முடியாது என்று ஒவ்வொருவனுக்கும் நிச்சயமாகத் தெரியும். ஆகவே யாரும் பயப்பட வேண்டியதில்லை.

இந்த இரண்டாவது காரணத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் நடக்கிற ஒன்றை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

மெக்காலே இதை எழுதிய காலத்தில் அவர் சொந்த நாட்டுச் சட்டத்தில் இதற்கு இடமில்லை. இங்கிலாந்தில் சாகிறவனின் சம்மதத்துக்கு மதிப்பே கிடையாது. தற்கொலையே குற்றம், 1961இல்தான் அது எடுக்கப்பட்டது. சேர்ந்து சாக முடிவுசெய்த இருவரில் ஒருவர் பிழைத்துக்கொண்டால், பிழைத்தவர் 1957 வரை கொலைகாரர். இலண்டனில் எழுத முடியாத ஒன்றைக் கல்கத்தாவில் எழுத முடிந்திருக்கிறது. காலனி என்பது ஆள்கிறவனுக்கு ஒரு சோதனைச்சாலை என்று வழக்கமாகச் சொல்கிற விளக்கம் இங்கேயும் செல்லும். பெந்தாமின் செல்வாக்கும் உண்டு. ஆனால் எனக்கு இன்னொன்று தோன்றுகிறது. ஊட்டியில் மெக்காலேயை வரவேற்ற பெண்டிங்க், 1829 டிசம்பரில் சதியைத் தடைசெய்த அதே பெண்டிங்க். அந்த வங்காள ஒழுங்குவிதி, விதவையின் இஷ்டப்படி நடந்தாலும் இல்லாவிட்டாலும், எரிப்பதற்குத் துணைபோனவர்களைக் கொலைக்குச் சற்றுக் கீழான குற்றத்தில் வைத்தது. பலவந்தம் செய்திருந்தால், மயக்க மருந்து கொடுத்திருந்தால், மரண தண்டனைக்கும் வழி வைத்தது. அடுத்த வருஷம் சென்னை மாகாணத்துக்கும் இப்படி ஒரு விதி வந்தது. செத்தவள் சம்மதித்தாளா, அந்தச் சம்மதத்தின் தரம் என்ன என்று கேட்டுக் குற்றத்தைத் தரம்பிரிக்கும் பழக்கம் இந்த மண்ணில் சிதையைச் சுற்றித்தான் வளர்ந்திருக்கிறது. கருணைக் கொலை என்று இன்று நாம் சொல்வதற்குச் சட்டத்தில் இருக்கிற ஒரே ஜன்னல் நோயாளியின் படுக்கையறையில் திறந்ததல்ல, சுடுகாட்டில் திறந்தது என்பது என் ஊகம்.

வரைவு இருபத்துமூன்று வருஷம் கிடப்பில் கிடந்து, திருத்தங்களோடு 1860 அக்டோபரில் சட்டமானது. மெக்காலே அதற்கு முந்தைய டிசம்பரில் இறந்து போயிருந்தார். கொலைக்கு இலக்கணம் சொல்லும் 300ஆம் பிரிவில் ஐந்து விதிவிலக்குகள். ஐந்தாவது இது: பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட ஒருவர் தன் சம்மதத்தோடு மரணத்தை ஏற்றால், அல்லது மரணத்தின் அபாயத்தை ஏற்றால், அது கொலையாகாது. குற்றம் அப்போதும் குற்றந்தான். பெயர் மட்டும் மாறுகிறது: கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம். கொலைக்கு 302ஆம் பிரிவின்படி மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. மூன்றாவது வழி கிடையாது. பெயர் மாறிய குற்றத்துக்கு 304ஆம் பிரிவின்படி ஆயுள் தண்டனையோ, பத்து வருஷம் வரை சிறையோ கொடுக்கலாம். குறைந்தபட்சம் இவ்வளவு என்று 1860இல் எழுதவில்லை. நீதிபதி விரும்பினால் ஒரு நாளோடு விட்டுவிடலாம். கருணை சட்டத்துக்குள் நுழைய இருந்த இடம், எழுதாமல் விட்ட இந்த இடைவெளிதான்.

இங்கே ஒரு இலக்கியச் சமாசாரம். இந்தச் சட்டத்துக்கு மெக்காலே செய்த புதுமை, பல பிரிவுகளுக்கு அடியில் உதாரணக் கதை சேர்த்தது. அந்தக் கதைகளில் மனிதர்களுக்குப் பெயரில்லை. ஏ என்று ஒருவன், இஸட் என்று ஒருவன். ஏ குழி வெட்டி மேலே குச்சியும் புல்கரணையும் பரப்பி வைக்கிறான். இஸட் அதில் விழுந்து சாகிறான். ஏ நாயை இஸட்டின் மீது ஏவுகிறான். இஸட் வீட்டு மேஜைமேல் கிடந்த மோதிரத்தை ஏ பார்க்கிறான். முகமில்லாத இந்த இருவரும் 1860லிருந்து ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டும் கொன்றுகொண்டும் இருக்கிறார்கள். நம் நவீனச் சிறுகதைக்காரர்கள் பெயரில்லாத பாத்திரங்களை ஐரோப்பாவிலிருந்து இறக்குமதி செய்வதற்கு முன்னால் ஜில்லாக் கோர்ட்டு வக்கீல் குமாஸ்தாக்கள்கூட அவர்களை அறிந்திருந்தார்கள்.

ஐந்தாவது விதிவிலக்குக்கும் ஒரு உதாரணம் உண்டு. சிப்பாயும் அபின் கொண்டுபோன நண்பனும் அங்கே இருப்பார்கள் என்று தேடினால், இல்லை. இருப்பது இதுதான்: பதினெட்டு வயது ஆகாத இஸட்டை ஏ தூண்டிவிட்டுத் தற்கொலை செய்துகொள்ள வைக்கிறான், இளம் வயதினால் இஸட்டுக்குத் தன் சாவுக்குச் சம்மதிக்கும் தகுதி இல்லை, ஆகவே ஏ கொலைக்கு உடந்தை. விதிவிலக்கு எப்போது செல்லாது என்பதற்கு உதாரணம் கொடுத்திருக்கிறார்களே ஒழிய, எப்போது செல்லும் என்பதற்குக் கொடுக்கவில்லை. குறிப்பில் அவ்வளவு மரியாதையோடு வரவேற்கப்பட்ட நால்வரையும் சட்டப் புத்தகத்தின் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

கோர்ட்டுகளில் இந்த விதிவிலக்கு வந்து சேர்ந்த விதமும் விசித்திரம். 1869இல் வங்காளத்தில் ஒரு பாம்பாட்டி. மந்திரத்தால் விஷத்தை இறக்கிவிடுவேன் என்று நம்பவைத்து, ஒருவனை விஷப் பாம்பு கடிக்கச் சம்மதிக்க வைத்தான். அவன் இறந்து போனான். தவறான நம்பிக்கையில் தந்த சம்மதம், அது தவறென்று வாங்குகிறவனுக்குத் தெரிந்திருக்கும்போது, சம்மதமே இல்லை என்று ஆனது. 1958இல் பாட்னா உயர் நீதிமன்றத்தில் ஒரு மாணவன். பள்ளிப் பரீட்சையில் வருஷாவருஷம் மூன்று முறை தோற்று, சாவது என்று முடிவுசெய்து மனைவியிடம் சொன்னான். பத்தொன்பது வயதுப் பெண், எழுதப் படிக்கத் தெரிந்தவள். முதலில் என்னைக் கொன்றுவிட்டு நீ சா என்றாள். அவளைக் கொன்றான், தான் சாவதற்குள் பிடிபட்டான். அவனுக்கு ஐந்தாவது விதிவிலக்கு கிடைத்தது. சட்டக் கல்லூரிகளில் இந்த விதிவிலக்கைக் கற்பிக்கும்போது இந்த வழக்கைத்தான் சொல்கிறார்கள். இதில் நோய் இல்லை, வேதனைப் படுக்கை இல்லை, வார்த்தையின் சரியான பொருளில் கருணைகூட இல்லை. ஒரு பரீட்சையும் இரண்டு சிறுபிள்ளைகளும்தான். ஆனால் சம்மதம் இருந்தது. சட்டத்துக்கு அது போதும்.

நான் வந்து சேர விரும்பிய இடம் இதுதான். 'கருணைக் கொலை' என்ற தொடரைப் பத்திரிகைகள் ஒரு சட்டச் சொல்போலவே புழங்குகின்றன. கொலை பற்றிய பிரிவுகளைத் தலைகீழாகப் படித்தாலும் கருணை என்ற சொல் அவற்றில் இல்லை. கொல்கிறவனின் மனத்தில் கொல்லும் எண்ணம் இருந்ததா என்று சட்டம் கேட்கும். எதற்காக அந்த எண்ணம் என்று கேட்காது. சாகிறவனிடம், சம்மதித்தாயா என்று கேட்கும். இரண்டு கேள்விகளோடு முடிந்தது. பரிவோடு கொன்றவனும் சொத்துக்காகக் கொன்றவனும், செத்தவன் சம்மதிக்காதவரை, 302இல் ஒரே வரிசையில் நிற்க வேண்டியவர்கள். நம் பேச்சு வழக்கில் நீதி நிர்வாகத்தோடு கருணை என்ற சொல் ஒட்டிக்கொள்வது ஒரே இடத்தில்: தூக்குத் தண்டனைக் கைதி ஜனாதிபதிக்கு அனுப்பும் மனுவில்.

சம்மதம் இல்லாத பரிவுக்குச் சட்டம் எவ்வளவு தூரம் வரும் என்பதைக் காட்ட 92ஆம் பிரிவில் ஒரு உதாரணம் இருக்கிறது. இஸட்டைப் புலி தூக்கிக்கொண்டு போகிறது. குண்டு இஸட்டின் மேலும் படக்கூடும் என்று தெரிந்தே, அவனைக் காப்பாற்ற ஏ புலியைச் சுடுகிறான். குண்டு இஸட்டின் மேல் பாய்ந்து அவன் சாகிறான். ஏ மேல் குற்றமில்லை. ஆனால் புலியின் வாயில் கிடப்பவனை இனிக் காப்பாற்ற முடியாது, துடிக்காமலாவது சாகட்டும் என்று இஸட்டையே குறிபார்த்துச் சுட்டிருந்தால் அது கொலை. குண்டு ஒன்றுதான், சாவு ஒன்றுதான், குறிதான் வேறு. 1957இல் இங்கிலாந்தில் டாக்டர் ஆடம்ஸ் வழக்கில் நீதிபதி டெவ்லின், வேதனையைத் தணிக்கத் தரும் மருந்தினால் ஆயுள் கொஞ்சம் குறைந்தாலும் டாக்டரைக் கொலைகாரன் என்று சொல்வதற்கில்லை என்று ஜூரிகளுக்குச் சொன்னது இந்தப் புலிக் கதையின் ஆஸ்பத்திரி வடிவம்தான்.

சம்மதம் கேட்க வழியே இல்லாத இடத்தில் என்ன ஆகிறது? 1973 நவம்பர் 27இல் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் அருணா ஷான்பாக் என்ற நர்ஸை அங்கே வேலை பார்த்த ஒருவன் நாய்ச் சங்கிலியால் கழுத்தை இறுக்கித் தாக்கினான். மூளைக்கு இரத்தம் நின்று, அவர் 2015 மே 18 வரை அதே ஆஸ்பத்திரியில் கிடந்தார். தாக்கியவனுக்குக் கொள்ளைக்கும் கொலை முயற்சிக்குமாக ஏழு வருஷம். அவன் அதை முடித்துவிட்டுப் போய்விட்டான். இந்த நாற்பத்தொன்றரை வருஷத்தில் ஏதோ ஒரு இரவு, பார்க்கச் சகிக்காமல் யாராவது அருணாவின் உயிரை முடித்திருந்தால், சட்டப்படி அவருக்குக் குறைந்தபட்சமே ஆயுள் தண்டனை. நல்ல வேளையாக அப்படி யாரும் செய்யவில்லை என்று எழுதுவதா, வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவரைச் சாகவிடுமாறு எழுத்தாளர் பிங்க்கி விரானி போட்ட மனுவில் 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி கட்ஜு காலிப்பின் ஒரு ஈரடியோடு அந்தத் தீர்ப்பைத் தொடங்கியது அப்போது பேசப்பட்டது. மனு தள்ளுபடியாயிற்று. அருணாவின் சார்பில் பேசும் உரிமை, இத்தனை வருஷம் ஊட்டிவிட்டுக் குளிப்பாட்டிப் படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கே என்றது கோர்ட்டு. அவர்கள் அருணா உயிரோடிருக்க வேண்டும் என்றார்கள். ஆனால் அதே தீர்ப்பு, வேறு நோயாளிகள் விஷயத்தில், உயிர்காக்கும் சிகிச்சையை உயர் நீதிமன்ற அனுமதியோடு நிறுத்தலாம் என்றும் சொன்னது. கவிதையில் தொடங்கிய தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது, ஒருவருக்காக இன்னொருவர் பேச வேண்டி வந்தால் சொந்தக்காரர் என்பதற்காக அல்ல, பார்த்துக்கொண்டவர் என்பதற்காக ஒருவருக்கு அந்த இடம் கிடைத்தது.

சட்டம் கருணையைப் பற்றிக் கேட்காமலிருப்பது குருட்டுத்தனம் என்று நண்பர்கள் சிலர் வாதிக்கிறார்கள். சம்மதத்தோடு உள்நோக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் என்ன என்கிறார்கள். ஜெர்மனியின் அனுபவம் எனக்கு இதற்குக் குறுக்கே நிற்கிறது. 1871லிருந்தே ஜெர்மன் தண்டனைச் சட்டத்தில், செத்தவரே உறுதியாகக் கேட்டுக்கொண்டதன் பேரில் கொன்றவருக்குத் தண்டனை குறைவு. அங்கே அது 216ஆம் பிரிவு. நாஜிகள் காலத்திலும் அது புத்தகத்தில் அப்படியே இருந்தது. 1939 அக்டோபரில் ஹிட்லர் தன் சொந்தக் கடிதத்தாளில், யுத்தம் தொடங்கிய செப்டம்பர் 1ஆம் தேதியிட்டு, ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். தீராத நோயாளிகளுக்குக் 'கருணை மரணம்' வழங்க டாக்டர்களுக்கு அதிகாரம் தரும் கடிதம். அது சட்டமல்ல, சட்டமாக எப்போதும் ஆக்கப்படவுமில்லை. 1941 ஆகஸ்டுக்குள் மனநோயாளிகளும் ஊனமுற்றவர்களுமாக சுமார் 70,000 பேர் விஷவாயு அறைகளில் கொல்லப்பட்டார்கள். புத்தகத்திலிருந்த பிரிவு, அவர்கள் கேட்டார்களா என்று கேட்கும். கடிதம் அந்தக் கேள்வியைத் தாண்டிப்போகக் கையாண்ட சொல் கருணை. யாருடைய கருணை என்று விசாரிக்க ஆரம்பித்தால் எப்போதும் கொல்கிறவனின் வாக்குமூலத்தில்தான் போய் முடியும்.

இவ்வளவு தூரம் போவானேன். தென் தமிழ்நாட்டில், விருதுநகர், மதுரை, தேனிப் பக்கங்களில் தலைக்கூத்தல் என்று ஒன்று இருக்கிறது. படுத்த படுக்கையான கிழவரையோ கிழவியையோ விடியற்காலையில் தலைநிறைய எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, இளநீராகக் கொடுத்து, காய்ச்சலுக்கு விட்டுவிடுவது. எண்ணெய்க் குளியல் நம் வீட்டில் அன்பின் சடங்கு. தீபாவளிக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் செய்வது. அதே எண்ணெய், அதே கை. வீட்டார் இதைக் கருணை என்றுதான் சொல்கிறார்கள். அப்படிச் சொல்வதில் பொய்யே இல்லை என்றும் சொல்லமாட்டேன், முழுக்கப் பொய் என்றும் சொல்லமாட்டேன். பாரம் என்ற தமிழ்ப் படம் இதை எடுத்துக்கொண்டு, 2018ஆம் வருஷத்துக்கான தமிழ்ப் படத்துக்குரிய தேசிய விருது பெற்றது. தலைப்பே யார் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறது.

இதைச் சட்டத்தில் எங்கே வைப்பது? ஐந்தாவது விதிவிலக்கில் வைக்க முடியாது. அவரை யாரும் கேட்பதில்லை. ஆகவே 302. ஆனால் எண்பது வயதில் காய்ச்சலில் போனவரை எந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவது? இது வெளி உலகத்துக்குத் தெரிய வந்த விதம் கவனிக்கத் தக்கது. 2010இல் விருதுநகர் மாவட்டத்தில் எண்பது வயதான ஒருவர், தன்னைக் குளிப்பாட்டுவது பற்றியும் பிறகு நிலத்தைப் பிரித்துக்கொள்வது பற்றியும் வீட்டார் பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டார். எழுந்து ஓடிப்போய் வேறொரு உறவினர் வீட்டில் அடைக்கலம் புகுந்தார். அதற்குப் பிறகுதான் பத்திரிகைகள் எழுதின. மெக்காலேயின் இரண்டாவது காரணத்தை இப்போது எடுத்துப் பாருங்கள். இந்தப் பழக்கம் தெரிந்த ஊரில் படுக்கையில் கிடக்கிற ஒவ்வொருவருக்கும், மருமகள் எண்ணெய்க் கிண்ணத்தோடு உள்ளே வருகிறபோது, அது வெறும் எண்ணெய்தானா என்று நினைக்க ஒரு காரணம் இருக்கிறது. கொல்லப்படுகிறவர்கள் சிலர், பயத்தில் படுத்திருக்கிறவர்கள் எல்லோரும். மெக்காலே எதைக் கொலையின் முழுத் தீமை என்று சொன்னாரோ அது இங்கே, கருணையின் பெயரால் நடப்பதில், அப்படியே இருக்கிறது.

இதில் இன்னும் ஒரு சிக்கலைச் சொல்லாமல் போகக் கூடாது. நம் வீட்டுக் கிழவிகள் எல்லோரும் தினம் மூன்று வேளை, "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம், அவன் எப்போ கூப்பிடப் போறானோ" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இது சம்மதமா? பயத்தினாலோ தவறான நம்பிக்கையினாலோ தந்தது சம்மதமாகாது என்கிறது 90ஆம் பிரிவு. பாம்பாட்டியை அது பிடித்துவிடும். ஆனால் பாரமாக இருக்கிறோம் என்ற கூச்சத்தினால் தருகிற சம்மதத்தை அந்தப் பிரிவு அறியாது. குறிப்பிலிருந்த நான்காவது மனிதனை நான் சந்தேகப்பட்டது இதனால்தான். கேட்டுக்கொண்டார்கள் என்பதற்கும், கேட்டுக்கொள்ளும்படியான ஒரு வீட்டில் இருந்தார்கள் என்பதற்கும் நடுவில் உள்ள தூரத்தை எந்த விதிவிலக்கும் அளந்ததில்லை. இதற்குச் சட்டத்தில் மருந்து இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் குழப்பத்தைக் கொஞ்சமாவது தீர்க்க, சம்மதத்தை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது என்று 2018 மார்ச் 9இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் முடிவுசெய்தார்கள். காமன் காஸ் என்ற அமைப்பு 2005இல் போட்ட மனு அது. கண்ணியத்தோடு சாவது, அரசியல் சட்டத்தின் 21ஆம் ஷரத்து தருகிற வாழ்வுரிமையில் அடங்கும் என்றார்கள். மீளாத நிலைக்கு வந்தால் எனக்குச் செயற்கைச் சுவாசம் வேண்டாம் என்று ஒருவர் நல்ல நினைவோடிருக்கும்போதே எழுதி வைக்கலாம். முதலில் அதற்கு மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்று வைத்தார்கள். 2023 ஜனவரியில் நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ போதும் என்று தளர்த்தினார்கள். வங்கியில் என் கவுண்ட்டருக்கு வருகிறவர்களில், வாரிசுதாரர் பெயர் எழுத வேண்டிய கட்டத்தைக் காட்டினாலே, "இப்ப எதுக்கு சார் அது" என்று படிவத்தைத் திருப்பிக் கொடுப்பவர்களை எனக்குத் தெரியும். சேமிப்புக் கணக்குக்கே இப்படி.

அது எப்படியானாலும் 2018இன் தீர்ப்பு, சிகிச்சையை நிறுத்துவதை மட்டும்தான் குற்றத்திலிருந்து எடுத்தது. மருந்து கொடுத்து உயிரை முடிப்பது அதற்குள் வராது. இயந்திரத்தில் இருப்பவருக்கு வழி கிடைத்தது. இயந்திரம் இல்லாமல், சாவும் வராமல், எலும்புக்குள் புற்றுநோயோடு கத்துகிறவருக்கு எதுவும் மாறவில்லை. அவருக்கும், அவர் கெஞ்சுவதைக் கேட்கிறவருக்கும், மிச்சமிருந்தது 1860இன் ஐந்தாவது விதிவிலக்கும் 304இல் எழுதாமல் விட்ட அந்த இடைவெளியும்தான்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. காலனி மனோபாவத்திலிருந்து விடுதலை என்று அதற்கு விளம்பரம். ஐந்தாவது விதிவிலக்கு 101ஆம் பிரிவில் அப்படியே இருக்கிறது. உதாரணமும் அதுவேதான், பதினெட்டு வயதுக்குட்பட்டவர் என்றிருந்தது குழந்தை என்று மாறியிருக்கிறது. தற்கொலை முயற்சி தனிக் குற்றமாக இருந்தது போய்விட்டது, அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கச் செய்தால் தவிர. இதெல்லாம் பேசப்பட்டது. பேசப்படாதது 105ஆம் பிரிவு, பழைய 304. கொல்லும் எண்ணத்தோடு செய்த, கொலையாகாத குற்றத்துக்கு ஆயுள் தண்டனை, இல்லாவிட்டால் பத்து வருஷம் வரை என்று முன்பு இருந்தது. இப்போது, ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் பத்து வருஷம் வரை. திடீர்ச் சண்டையில் குத்தினவனை நினைத்து இதை எழுதியிருக்கலாம். ஆனால் அவன் இருக்கிற அதே பிரிவில்தான், கேட்டுக்கொண்டவரின் வேதனையை முடித்துவைத்தவரும் இருக்கிறார். நூற்றறுபது வருஷமாக நீதிபதியின் கையில் விட்டிருந்ததை எடுத்துவிட்டார்கள். காலனிக்காரன் விட்டுவைத்த ஜன்னலை நாம் அடைத்திருக்கிறோம் என்று நான் சொன்னால் அது தேசத்துரோகமாகப் படலாம்.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. தற்கொலைக்கு உடந்தையாக இருப்பது புதுச் சட்டத்தில் 108ஆம் பிரிவு. அதற்குப் பத்து வருஷம் வரை தண்டனை உண்டு, குறைந்தபட்சம் கிடையாது. அபின் கரைசலைக் கொண்டுபோய் நோயாளியின் பக்கத்தில் வைத்துவிட்டு வருகிற நண்பன் இதில் வருவான். நோயாளி தானே எடுத்துக் குடித்தால், நண்பனை ஒரு மாதத்தோடு விட நீதிபதிக்கு இன்றும் அதிகாரம் உண்டு. பக்கவாதத்தில் கையைத் தூக்க முடியாத நோயாளி, அதே நண்பனிடம் அதே வார்த்தைகளில் கெஞ்சி, நண்பன் டம்ளரை அவர் வாயில் வைத்துச் சாய்த்தால், ஐந்து வருஷத்துக்குக் குறைந்து கொடுக்க முடியாது.